நாளமில்லாச் சுரப்பிகளும் ஒரு சிட்டிகை உப்பும்

‘எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சிரசினுள், மூளையின் அடிப்பாகத்தில், பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்று இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணி. எடையில் ஏறத்தாழ அரை கிராம். ஆயினும் நாம் வளர்வதும், உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதும், குளிரில் நம் மேனி சூடாக இருப்பதும் இப்பட்டாணியின் கட்டளையை எதிர்பார்த்தே நடைபெறுகின்றன. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பதற்கு இதனினும் நல்ல சான்று உண்டோ?

இவ்வாண்டு அறிவியல் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி நாங்கள் படித்தோம். தேர்வுக்காகத்தான் படிக்கத் தொடங்கினோம். ஆனால் படித்து முடிப்பதற்குள் அப்பாடம் எங்கள் வீட்டு உப்பு ஜாடி வரைக்கும், எங்கள் தெருவில் வாழும் ஓர் அக்காவின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அதனையே இங்கு எழுதுகிறோம்.

வளர்சிதை மாற்றம் என்றால் என்ன?

பெயரிலேயே பொருள் இருக்கிறது. ‘வளர்’ என்பது கட்டுதல். ‘சிதை’ என்பது உடைத்தல். நாம் உண்ணும் உணவை உடைத்து ஆற்றலைப் பெறுவது சிதை மாற்றம். அவ்வாற்றலைக் கொண்டு தசை, எலும்பு, இரத்தம் முதலியவற்றைக் கட்டுவது வளர் மாற்றம். நாம் உறங்கும்போதும் இவ்விரு வேலைகளும் ஓயாமல் நடக்கின்றன. எவ்வளவு உடைப்பது, எவ்வளவு கட்டுவது, எவ்வளவு சேமிப்பது என்ற கணக்கை யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? அக்கணக்குப் பிள்ளைகளே ஹார்மோன்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பி தன் நீரை ஒரு குழாய் வழியே வாய்க்குள் விடுகிறது. தைராய்டு, அட்ரீனல், பிட்யூட்டரி போன்றவற்றிற்கு அவ்வாறு நாளம் இல்லை. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் அதனைத் தலை முதல் கால் வரை எடுத்துச் செல்கிறது. எந்த உறுப்பிற்கு அச்செய்தி உரியதோ அதுவே அதைப் படித்து வேலை செய்கிறது. 1902-ஆம் ஆண்டில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் சிறுகுடலிலிருந்து கணையத்திற்குச் செல்லும் இத்தகைய இரசாயனத் தூதன் ஒன்றைக் கண்டனர். 1905-இல் ஸ்டார்லிங் இத்தூதர்களை ‘ஹார்மோன்’ என்ற கிரேக்க வழிச் சொல்லால் அழைத்தார். ‘தூண்டுதல்’ என்பது அதன் பொருள்.

பட்டுப்புழு சொல்லும் பாடம்

ஆரணியில் பிறந்த எங்களுக்குத் தறியின் ஓசைதான் தாலாட்டு. ஆனால் அத்தறியில் ஏறும் பட்டு நூலே ஹார்மோனின் கைவேலை என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம்.

முட்டையிலிருந்து வெளிவரும் பட்டுப்புழு முசுக்கொட்டை இலையைத் தின்று நான்கு வாரங்களுக்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு எடை கூடுகிறது. அதற்குள் நான்கு முறை தோலை உரிக்கிறது. தோலை உரி என்று சொல்வது அதன் மார்புப் பகுதியிலுள்ள சுரப்பி தரும் ‘எக்டைசோன்’ என்னும் ஹார்மோன். தலையிலுள்ள வேறொரு சுரப்பி ‘இளமை ஹார்மோனை’ச் சுரக்கிறது. அது மிகுந்திருக்கும் வரை தோல் உரித்த புழு மறுபடியும் பெரிய புழுவாகவே இருக்கும். ஐந்தாம் பருவத்தில் அது குறைந்ததும் புழு தின்பதை நிறுத்திவிட்டுக் கூடு கட்டத் தொடங்குகிறது. அக்கூட்டின் இழைதான் நம் சேலை!

1954-ஆம் ஆண்டு ஜெர்மனியில் புட்டெனன்ட், கார்ல்சன் என்னும் அறிஞர்கள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். அவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 25 மில்லி கிராம்! ஹார்மோன் எவ்வளவு சிறிய அளவில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

புழுவை விட்டு மனிதருக்கு வருவோம். நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. உடல் எவ்வளவு வேகமாக உணவை எரித்து ஆற்றலாக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. அடுப்பின் திரியை ஏற்றி இறக்குவது போன்ற வேலை. தைராக்சின் குறைந்தால் திரி இறங்கிவிடும். உடல் சோர்வு, உறக்கம், குளிர் தாங்காமை, எடை கூடுதல், முடி உதிர்தல், மறதி ஆகியவை தோன்றும். மிகுந்தால் திரி ஏறிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எவ்வளவு உண்டாலும் உடல் மெலியும்.

1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மரே என்னும் மருத்துவர், தைராய்டு குறைவால் உடல் வீங்கிச் செயலற்றுக் கிடந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் நலம் பெற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளன்று, அமெரிக்காவில் கெண்டல் என்னும் அறிஞர் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகம் பாலனின் பிறப்பைக் கொண்டாடிய அந்நாளில் பல இலட்சம் நோயாளிகளுக்கும் ஒரு நற்செய்தி பிறந்தது எனலாம்.

முதலாளியும் தறிக்காரரும்

சுரப்பிகள் ஒன்றையொன்று எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன? புத்தகத்தில் உள்ள அம்புக்குறிப் படம் எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டு பார்த்தபோது எளிதில் விளங்கியது.

ஆரணியில் முதலாளி பாவையும் பட்டு நூலையும் ஜரிகையையும் தறிக்காரரிடம் கொடுக்கிறார். தறிக்காரர் சேலையை நெய்து கொண்டுவந்து தருகிறார். கடையில் சேலை தேங்கினால் முதலாளி, “இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்கிறார். சரக்கு தீர்ந்தால், “எங்கே சேலை?” என்று ஆள் மேல் ஆள் அனுப்புகிறார்.

பிட்யூட்டரியே இங்கு முதலாளி. தைராய்டு தறிக்காரர். தைராக்சின் சேலை. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். என்னும் ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தைராக்சின் போதுமான அளவு வந்ததும் ஆள் அனுப்புவதைக் குறைத்துவிடும். முதலாளிக்கும் மேலே ஒருவர் உண்டு. அவர் மூளையிலுள்ள ஹைபோதலாமஸ். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தால் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே. ஆள் அதிகம் வருகிறார் என்றால் சேலை வரவில்லை என்றுதானே பொருள்?

இப்போது ஒரு கேள்வி. முதலாளி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஆனால் தறிக்காரரிடம் நூலே இல்லை. அவர் என்ன செய்வார்? தைராக்சினுக்கு நூல் போன்றது அயோடின். ஒவ்வொரு தைராக்சின் மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் உணவில் இல்லாவிட்டால் தைராய்டு, வந்த ஆளுக்கு அஞ்சிய தறிக்காரர் வீட்டைப் பெரிதாக்கித் தறிமேல் தறி போடுவதைப்போல, தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறது. நூல் இல்லாமல் தறி இருந்து என்ன பயன்? கழுத்து வீங்குகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை.

காங்ரா பள்ளத்தாக்கில் நடந்தது

இமயமலை அடிவாரத்தில் மழையும் பனியாறுகளும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்றுவிட்டன. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் கழுத்தில் கழலையுடன் வாழ்ந்தனர். 1956-ஆம் ஆண்டு, ஆந்திரத்து ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. இராமலிங்கசாமி அவர்களும் அவருடைய குழுவினரும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். ஆறு ஆண்டுகளுக்குள் அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் கழலை பெரிதும் குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் குறையவே இல்லை. பிறகு அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது.

இதன் பயனாக 1962-இல் மைய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் குறைவு கழுத்தை மட்டும் தாக்குவதில்லை என்பது தெளிந்தபின் 1992-இல் அதன் பெயர் தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாற்றப்பட்டது. கருவிலுள்ள குழந்தை முதல் மூன்று மாதங்களில் தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. தாய்க்கு அது கிட்டாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. போன அறிவைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது. உலகில் தடுக்கக்கூடிய மூளைக் குறைபாட்டிற்கு அயோடின் பற்றாக்குறையே தலையாய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இத்தனைக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோ கிராம்தான். எழுபது ஆண்டு வாழ்பவரின் வாழ்நாள் தேவை முழுவதையும் சேர்த்தாலும் ஒரு சிறு தேக்கரண்டியில் அடங்கிவிடும்!

உப்பு விளையும் நாட்டில்

“அதெல்லாம் மலைநாட்டுக்காரர்களுக்கு. நமக்குத்தான் தூத்துக்குடிக் கடல் உப்பு இருக்கிறதே!” என்று நாங்களும் எண்ணினோம். அது தவறு. கடல் நீரில் அயோடின் உண்டு; ஆனால் அந்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அது போதிய அளவு தங்குவதில்லை. எனவேதான் தனியே பொட்டாசியம் அயோடேட்டைக் கலக்கிறார்கள். அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்கக் கூடாது என்ற சட்டம் 2006-ஆம் ஆண்டு மே 17 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. கடையில் விற்கும் உப்பில் பத்து இலட்சம் பங்கிற்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும்.

ஆனால் 2018-19-இல் எடுக்கப்பட்ட இந்திய அயோடின் கணக்கெடுப்பு ஒரு வருந்தத்தக்க உண்மையைக் காட்டியது. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதற்குமாக நூற்றுக்கு 76.3. தமிழ்நாட்டிலோ 61.9. அதுவே எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம்! 1930-இல் வேதாரணியத்தில் உப்புக்காகச் சிறை சென்ற தமிழகம், நாட்டில் உப்பு உற்பத்தியில் முன்வரிசையில் நிற்கும் தமிழகம், நல்ல உப்பை உண்பதில் கடைசியில் நிற்பதா?

இதைப் படித்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி, “ஊரைக் குறை சொல்லுமுன் உங்கள் வீட்டு உப்பைக் கொண்டு வாருங்கள்” என்றார்கள். மறுநாள் அனைவரும் வீட்டிலிருந்து ஒரு பிடி உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தோம். உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டோம். சாறு உப்பிலுள்ள அயோடினை விடுவிக்க, அது கிழங்கின் மாவுப் பொருளுடன் சேர்ந்து நீல நிறம் தரும். சில துண்டுகள் நீலமாயின. சில துண்டுகள் வெளுத்தபடியே இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை உதிரியாக வாங்கிய கல் உப்பு. நீலம் வராத பொட்டலங்களுக்கு உரிய நாங்கள் அன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் முதலில் பார்த்தது உப்பு ஜாடியைத்தான். (இச்சோதனை அயோடின் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது.)

எங்கள் தெரு அக்கா

எங்கள் தெருவில் தார் சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ராட்டையின் முன் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார். உடல் பருத்தது, குரல் கரகரத்தது. “தின்பதும் தூங்குவதுமே வேலை” என்று வீட்டார் ஏசினர். “சோம்பேறி அக்கா” என்று பிள்ளைகள் கேலி செய்தோம். ஆம், நாங்களும்தான். பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாதிருக்கக் கழுத்து வீக்கத்தை அவர் முந்தானையால் மூடிக்கொள்வார். பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டதில் தோல் புண்ணானதே மிச்சம்.

கடைசியில் ஒரு நாள் அவருடைய அத்தை அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். பல மடங்கு மிகுந்திருந்தது. அவருடைய உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தன் தைராய்டைத் தாக்கிக்கொண்டிருந்ததாம். அதாவது இங்கே நூல் பற்றாக்குறை இல்லை, தறியே பழுதாகிவிட்டது. இதற்கு உப்பை மாற்றினால் மட்டும் போதாது. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு தைராக்சின் மாத்திரை விழுங்க வேண்டும். அவ்வளவே. சில மாதங்களில் அக்காவின் முகத்தில் தெளிவு வந்தது. இன்று அவர் விடியற்காலையில் ராட்டையில் அமர்கிறார். பாடிக்கொண்டே தார் சுற்றுகிறார்.

நாங்கள் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். “உங்களுக்கு என்னம்மா தெரியும்? எனக்கே நான் சோம்பேறிதான் என்று தோன்றிவிட்டதே” என்றார். அந்தச் சொல் எங்களைச் சுட்டது. தைராய்டு நோய்கள் ஆண்களைவிடப் பெண்களையே பல மடங்கு அதிகமாகத் தாக்குகின்றன. நோயைக் குணமாக்க மாத்திரை உண்டு. ஏச்சுக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

குதிரும் சாவியும்

தைராய்டு திரியை ஏற்றி இறக்குகிறது என்றால், எண்ணெயைச் சேமித்து அளந்து தருவது கணையம். நம் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் ஓடும் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான். ஆரணிப் பொன்னிச் சோற்றை வயிறார உண்டதும் சர்க்கரை பெருகி வருகிறது. உடனே கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் ஒரு சாவி. செல்களின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது. எஞ்சியதைக் கல்லீரல் என்னும் நெற்குதிரில் கொட்டி வைக்கிறது. இரவில் நாம் உண்ணாமல் உறங்கும்போது குளுக்ககான் என்னும் மற்றொரு ஹார்மோன் குதிரின் வாயைத் திறந்து அளவாக எடுத்துத் தருகிறது. தெருநாய் துரத்தினால் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை விடுத்து, அதே குதிரிலிருந்து ஓடுவதற்கான ஆற்றலை நொடியில் வரவழைக்கிறது.

சாவி இல்லாவிட்டாலோ, சாவிக்குப் பூட்டு திறக்காவிட்டாலோ வருவது நீரிழிவு. முன்பு இன்சுலின் சுரக்காத குழந்தைகள் பிழைப்பதில்லை. 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அதனால் உயிர் பிழைத்தான். எங்களைவிட ஒரு வயது சிறியவன்! எனவே, “ஊசி போட்டால் பழகிவிடும், நிறுத்திவிடு” என்று யாரேனும் சொன்னால் கேட்கலாகாது. அது பழக்கமன்று, உடல் தானே செய்ய முடியாத வேலைக்கு நாம் கொடுக்கும் கைத்துணை.

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே! பெற்றோர்களே! உப்பு வாங்கும்போது உறையில் சிரிக்கும் சூரியன் சின்னத்தைப் பாருங்கள். உப்பை மூடியுள்ள ஜாடியில் வையுங்கள்; ஈரமும் வெயிலும் அயோடினைக் குறைக்கும். அயோடின் வேண்டுமென்று உப்பை அள்ளிக் கொட்ட வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருப்பதே இரத்த அழுத்தத்திற்கு நல்லது. கழுத்தில் வீக்கமோ, காரணமில்லாத சோர்வோ கண்டால் பற்றுப் போடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எல்லாவற்றிற்கும் மேலாக, வகுப்பில் உறங்கி விழும் தோழியைப் பார்த்துச் சிரிக்குமுன் ஒரு கணம் அந்த அக்காவை நினையுங்கள்.

நம் ஆண்டவர் மலைப்பொழிவில் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். உப்பு தான் கரைந்து பிறர்க்குப் பயன்படுகிறது. நம் உடலுக்குள் ஹார்மோன்களும் அவ்வாறே யார் கண்ணுக்கும் தெரியாமல் இரத்தத்தில் கரைந்து பணி செய்கின்றன. இத்தனை நுட்பமாக நம்மை நெய்த இறைவனுக்கு நன்றி கூறுவோம். அவர் தந்த உடலைப் பேணுவோம். பிறர் உடலின் துன்பத்தைப் புரிந்துகொள்வோம்.